மூன்று படி கீழே

"உனக்குப் புரியாதும்மா" என்று சுஷ்மா சொன்னாள். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் "சாப்ட்டியாம்மா?" என்பாள். "ஆச்சுடி, நீ?" என்பேன். "ம்" என்பாள். பிறகு அங்கே மழை, இங்கே வெயில், என் முழங்கால் வலி. இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அன்றைக்கு மட்டும் என்னவோ குரலில் ஒரு துள்ளல் இருந்தது. ஆபீஸ் சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் வாசிக்கிறார்களாம், இவள் கீபோர்டாம். புதிதாக எடுத்திருக்கும் பாட்டில் மேஜராகப் போய்க்கொண்டிருப்பது ஒரு இடத்தில் சட்டென்று மைனராகத் திரும்புகிறதாம், அங்கே வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கிறதாம்.

"மேஜர்னா இன்னாடி?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதா?

கொஞ்சம் யோசித்தாள். "அத வுடும்மா, உனக்குப் புரியாது. முட்டி வலி எப்படி இருக்குது?"

எனக்குப் புரியாதாமே! இடது செருப்பு எது, வலது செருப்பு எது என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, அதை மறைப்பானேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயில் சந்தோஷமாக வந்த பேச்சு அது ஒன்றுதான். அதைப் பேச நான் லாயக்கில்லை. என் முழங்காலைப் பற்றிப் பேசுவதற்காக இன்னும் எத்தனை காலம் கூப்பிடுவாள்? மாதம் ஒருமுறை ஆகும், பிறகு பண்டிகைக்கு ஒருமுறை ஆகும். அப்புறம் நான் இந்தத் திண்டிவனத்து வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும்.

எங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. ஊரில் எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவைக் கரைக்கிற நேரத்தில் என் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். என் வீட்டுக்காரர் ஜினேந்திரன் இருந்தவரைக்கும் அந்த நேரம் நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்து, வயிறு நிறைந்து, மூன்று பேரும் சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். அவர் போய்விட்டார். மகள் பறந்துவிட்டாள். இப்போது ஆறு மணிக்கே என் நாள் முடிந்துவிடுகிறது, தூக்கம் மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. டிவியைப் போட்டால் மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பாள், மருமகள் கண்டுபிடிப்பாள், மறுநாள் மாமியார் மறுபடியும் வைப்பாள். அதை எத்தனை நாள் பார்ப்பது?

எனவே கட்டிலுக்கடியில் கிடந்த சுஷ்மாவின் பழைய கீபோர்டை இழுத்து வெளியே போட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் அப்பா வாங்கிக்கொடுத்தது. அதை எப்படி ஆன் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலச் சமையல் செய்துகொண்டே வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பள்ளி விட்டு வருவாள், சீருடையைக்கூட மாற்ற மாட்டாள், பவர் பட்டனை அழுத்துவாள். பிறகு வலதுகைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பட்டனை டக் டக் டக் என்று மூன்று முறை தட்டுவாள். அதன் பிறகுதான் வாசிப்பாள். பட்டன் மேலிருந்த எழுத்து அவள் விரல் பட்டுத் தேய்ந்து போயிருந்தது. எண் காட்டும் சின்னத் திரையும் செத்துவிட்டது. கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளப்புவதில்லையா, அதுபோல இதற்கும் ஏதோ ஒரு முறை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பவர் போட்டேன், மூன்று தட்டுத் தட்டினேன், உட்கார்ந்தேன்.

பாடத்துக்கு யூடியூபில் ஒரு பையன் கிடைத்தான். தலையில் தொப்பி, எடுத்ததும் "ஹாய் மக்களே" என்பான். அந்தத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லித்தந்தால் என்ன என்று எரிச்சலாக வரும். ஆனாலும் அவன் சொல்வது புரிந்தது. வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்பு ஐந்து, திரும்பத் திரும்ப அதேதான். வெள்ளைக்குப் பெயர் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய கட்டைக்குப் போனால், அது கறுப்போ வெள்ளையோ, அரைப்படி. இரண்டு அரைப்படி ஒரு முழுப்படி. ஆனால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் அடுத்த சி-க்கும் நடுவிலும் கறுப்பையே காணோம். ஏன் என்று தொப்பிக்காரன் சொல்லவில்லை. மேஸ்திரி கட்டும்போது இரண்டு படிகளைக் குட்டையாக வைத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. இதுதான் மேஜர். பாத்திரம் தேய்க்கும்போது இதையே சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அம்சா தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, யாருக்கு முழுசு, யாருக்கு அரை? டிக்கெட் வாங்குறியா?"

"உன் வேலையப் பாருடி" என்றேன்.

மைனர் பாடம் வந்த அன்று மட்டும் நான் யாரோடும் சண்டை போடவில்லை. சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். கல்யாண வீட்டில் கதவைத் திறந்ததுபோல இருந்தது. இப்போது நடுவில் உள்ள ஈ-யை மட்டும் அரைப்படி இறக்கு என்றான். இறக்கினேன். ஒரே ஒரு விரல்தான் நகர்ந்தது, மற்ற இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் வீட்டிலிருந்து யாரையோ தூக்கிக்கொண்டு போனமாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். 'மேஜர்னா இன்னாடி என்று கேட்டேனே, இதுதானா? இது எனக்குப் புரியாதா, சுஷ்மா? இதைவிட நன்றாகப் புரிந்தவள் யார் இருக்கிறாள்?' கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருட்டும் வரை அந்த இரண்டையுமே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தொப்பிக்காரன் சி அழுத்தினால் ஒரு மாதிரிக் கேட்கும், நான் சி அழுத்தினால் வேறு மாதிரிக் கேட்கும். என்னுடையது கொஞ்சம் தாழ்ந்து, கனமாக இருக்கும். போனில் ஸ்பீக்கர் சின்னது, அதனால் கீச்சென்று கேட்கிறது, அவன் பெட்டியும் அவ்வளவு நல்ல பெட்டி இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். என் காதுக்கு என் பெட்டிதான் சரி.

காது பழகியதும் ஒரு பைத்தியம் பிடித்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் அது என் பெட்டியில் எந்தக் கட்டை என்று தேடுவேன். குக்கர் விசில் ஜி. அம்சாவின் மிஷின் வேகமெடுத்தால் டி. மேம்பாலத்துக்குக் கீழே நின்று செஞ்சி பஸ்ஸின் ஹாரனைப் போனில் பதிந்து வந்து பார்த்தேன், அது எஃப். எங்கள் வீட்டு மின்விசிறிகூட ஒரு சுருதியில்தான் முனகுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது சி. அதன்பின் வீடு அவ்வளவு அமைதியாகத் தோன்றவில்லை. பேசத்தான் ஆள் இல்லையே தவிர, எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.

ஞாயிறுகளில் சுஷ்மாவிடம் எதையும் சொல்லவில்லை. "சாப்ட்டியா?" "ஆச்சு." நாக்கு நுனிவரை வரும், கடித்துக்கொள்வேன். அரைகுறையாகச் சொல்லி, "அப்பிடி இல்லம்மா" என்று அவள் திருத்தினால் என்னால் தாங்க முடியாது. விஷயம் தெரிந்த ஒருவராவது "சரியா வாசிக்கிறீங்க" என்று சொல்லட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பெரியவர்களுக்கென்று ஞாயிறு மதியம் வகுப்பு நடப்பதாக அம்சாதான் விசாரித்துச் சொன்னாள். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

செல்போன் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. வாத்தியார் ஆரோக்கியராஜுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலையில் மாதா கோயில் பூசைக்கு வாசித்துவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாராம். ஆளுக்கொரு கீபோர்டு வைத்துச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சக்கரபாணி என்று ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் தானே டீ ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுவரைக்கும் தெரியுங்கம்மா?" என்று ஆரோக்கியராஜ் கேட்டார்.

"மேஜர் தெரியும், மைனர் தெரியும். நீங்க வாசிச்சா எந்த நோட்டுன்னு சொல்லிடுவேன்" என்றேன். பெருமைதான், வேறென்ன.

அவர் சிரித்துக்கொண்டே என் பார்வையில் படாமல் ஒரு கட்டையை அழுத்தினார். எங்கள் வீட்டு மின்விசிறி!

"சி" என்றேன்.

"இல்லங்கம்மா. இது ஏ."

"நல்லாக் கேளுங்க தம்பி. சி."

அவர் கீபோர்டைத் திருப்பிக் காட்டினார். விரல் ஏ மேல்தான் இருந்தது. சக்கரபாணி டீ கிளாஸோடு என்னைப் பார்த்தார். "பரவால்ல, வாசிக்கிறத பாக்கலாம்" என்று ஆரோக்கியராஜ் எனக்கு ஒரு கீபோர்டைக் காட்டினார். அது சுஷ்மாவுடைய கம்பெனிதான், கொஞ்சம் புதுசு. பவரைப் போட்டேன், அதே இடத்தில் இருந்த பட்டனை மூன்று தட்டுத் தட்டினேன். என் பெட்டியின் சத்தம் வந்தது. அப்பாடா என்றிருந்தது. எல்லோரும் சேர்ந்து சி மேஜரில் ஒரு சின்னப் பாடம் வாசித்தார்கள், நானும் சேர்ந்தேன். விரல் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அறையே நாராசமாகிவிட்டது. ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியராஜ் வந்து என் கீபோர்டின் திரையைப் பார்த்தார். "யாரு இத மாத்துனது? மூணு இறங்கியிருக்குதே?"

"ஆன் பண்ணா அத அழுத்தணும்ல?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சக்கரபாணிதான். ஒருவர் சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆரோக்கியராஜ் மட்டும் சிரிக்காமல் விளக்கினார். அது டிரான்ஸ்போஸ் பட்டனாம். ஒரு தட்டுக்கு ஒரு அரைப்படியாகக் கீபோர்டு முழுவதையும் இறக்கிவிடுமாம். நான் சி என்று அழுத்தினதெல்லாம் ஏ-வாகத்தான் ஒலித்திருக்கிறது. குக்கர் ஜி இல்லை. அம்சாவின் மிஷின் டி இல்லை. செஞ்சி பஸ் எஃப் இல்லை. ஊர் முழுக்க நான் வைத்த பெயரெல்லாம் தப்பு.

"இத்தினி நாளா எனக்குத் தெரியவே இல்லியே தம்பி" என்றேன்.

"தனியா வாசிச்சா தெரியாதுங்கம்மா. எல்லாம் சேந்தே எறங்கிடுறதால சரியாத்தான் கேக்கும். கூட ஒருத்தர் வாசிச்சாத்தான் தெரியும்."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. கூட ஒருத்தர்! எங்கே போய்த் தேட? "நல்லதுங்க" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். "அம்மா, டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று சக்கரபாணி படிவரை வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பக்கத்து சீட்டுப் பெண்ணின் குழந்தை மல்லாட்டையை உரித்து எனக்கும் ஒரு கடலையை நீட்டியது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வெளியே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மதியமே செய்து மூடி வைத்த சோறு இருந்தது, ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். இனி நாளைக்குத்தான். சுஷ்மா சொன்னது சரிதான், எனக்குப் புரியாதுதான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டைத் திறந்து விளக்கைப் போடுகையில் போன் அடித்தது.

"சாப்ட்டியாம்மா?"

"இல்ல" என்றேன்.

இத்தனை காலத்தில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை நான் சொன்னதே கிடையாது.

"இன்னாம்மா சொல்ற? அங்க பொழுது போயிருக்குமே. உடம்பு சரியில்லியா? கீழ வுழுந்துட்டியா? ம்மா, பேசு!"

பேசினேன். மேஜர், மைனர், தொப்பிக்காரன், பஸ் ஹாரன், விழுப்புரம், சக்கரபாணியின் சிரிப்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் கோபம் அவள் மேலேயே திரும்பியது. "உன்னைப் பாத்துத்தானடி நான் அந்தப் பட்டனத் தட்டினேன்! டெய்லி மூணு தட்டு தட்டுவியே! உனக்கு இன்னாத்துக்கு அது? ஊரு சிரிக்கிறாமாதிரி பண்ணிட்ட!"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அது உனக்காகம்மா" என்றாள்.

"எனக்கா?"

"நான் ஸ்கூல் வுட்டு வர்ற நேரத்துலதான் நீ சமைச்சிக்கினு இருப்ப. அருகன் பாட்டு ஒண்ணு பாடுவியே, ஊருக் கோயில்ல பாடுறது. எனக்கு அப்போ சி-ல மட்டும்தான் வாசிக்கத் தெரியும், வெள்ளைக் கட்டையிலதான் கை போவும். உன் கொரலு எறக்கம். உன்கூட வாசிச்சா ஒத்துக்காது. கீபோர்டு சொல்லிக்குடுத்த சார்தான் சொன்னாரு, அந்தப் பட்டன மூணு தட்டு, அம்மா கொரலுக்கு வந்துடும்னு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆனா நான் வாசிக்க ஆரம்பிச்சா நீ பாடுறத நிறுத்திடுவ. டெய்லி நிறுத்திடுவ."

"உனக்குத் தொந்தரவா இருக்கும்னுடி. நீ பிராக்டிஸ் பண்ற, நான் எதுக்கு நடுவுல கத்திக்கினுன்னு..."

"உன்கூட வாசிக்கத்தாம்மா அது. நானும் டெய்லி தட்டி வெச்சிப் பாப்பேன், இன்னிக்காவது நிறுத்தாம பாடுவியான்னு. இங்ககூட ஆன் பண்ணா கை தானா அந்தப் பட்டனுக்குப் போவுது. அப்புறம் ஞாபகம் வந்து எடுத்துடுவேன்."

பிறகு அவள் அழுதாள். நானும் அழுதேன். சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததும் அப்போது வெளியே வந்துவிட்டது. "எனக்குத் தனியா இருக்க முடியலடி, சுஷ்மா. ஆறு மணிக்கு மேல இந்த வீட்ல இருக்க முடியல."

"தெரியும்மா" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு வர முடியாமல் போன வருஷங்கள் இருவருக்கும் நினைவிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு சுவிட்சு. அப்புறம் டக், டக், டக்.

"பாடும்மா."

"இப்பவா? சோறுகூடத் துன்னல, தொண்டை காஞ்சி கெடக்குது."

"பாடு. ஆனா ஒண்ணு. போன்ல சத்தம் லேட்டா வரும். நீ பாடுறது எனக்கு வந்து, நான் வாசிக்கிறது உனக்குத் திரும்பி வர்றதுக்குள்ள நீ அடுத்த அடிக்குப் போயிருப்ப. உங்கிட்ட ஒட்டவே ஒட்டாது, தனித்தனியாத்தான் கேக்கும். எங்கிட்ட ரெண்டும் ஒண்ணா இருக்கும். அதனால என்னைக் கேக்காத. எனக்காக நிறுத்தாத. பாடிக்கினே இரு."

போனைக் கீபோர்டின் மேல் சாய்த்து வைத்தேன். மின்விசிறி அதே சுருதியில் முனகியது. ஏ. அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் அடி முடிவதற்குள் அவள் வாசிப்பு வந்து சேர்ந்தது, ஒரு எட்டு பின்னால், இரண்டு எட்டு பின்னால், நான் விட்டுவந்த இடத்தில் நின்று வாசித்தது. இரண்டும் மோதின. கை தானாகப் போனை எடுக்கப் போயிற்று. போகட்டும், இவ்வளவு போதும் என்று வாயை மூட வந்தது. மூடவில்லை. என் காதில் எல்லாம் சிதறிக் கிடந்தது. டப்ளினில் என் மகளின் அறையில் இந்நேரம் சேர்ந்திருக்கும். இரண்டாவது அடியைத் தொடங்கினேன்.